நொடிக்கு எத்தனை குமிழி? செடித் தொட்டிக்குக் கரியமில வாயு விடுவோருக்கு ஒரு பதில்

இரண்டடித் தொட்டி. தரையில் படரும் மான்டே கார்லோ செடி, பின்னால் சிவப்பு ரோட்டாலா செடி. இருபது கார்டினல் டெட்ரா, ஐந்தாறு ஓட்டோ கெளுத்தி, கொஞ்சம் செர்ரி இறால். சிட்ரிக் ஆசிட்டும் சமையல் சோடாவும் சேர்த்து வாயு எடுக்கும் கிட். கடையில் சொன்னபடி நொடிக்கு இரண்டு குமிழி விடுகிறீர்கள். காலையில் எல்லாம் சரியாக இருக்கிறது, மாலை நான்கு மணிக்கு மேல் டெட்ராக்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. மீனுக்கு ஆபத்தில்லாமல் எத்தனை குமிழி விடலாம், சிலிண்டருக்கு மாறினால் இது தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்று மாலையும் மீன்கள் மேலே வந்தால் என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாயுவை உடனே நிறுத்துங்கள். ஏர் பம்ப் இருந்தால் காற்றுக்கல்லைப் போட்டு முழு வேகத்தில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஃபில்டரின் வெளிக்குழாயைத் தூக்கி, தண்ணீர் சலசலவென்று மேலிருந்து கொட்டும்படி வையுங்கள். பிறகு குளோரின் நீக்கிய, ஏறக்குறைய அதே சூட்டில் உள்ள தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு சீராகத் தொடங்கிவிடும். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் மீன்கூடச் சில சமயம் எழுந்துவிடும், செத்துவிட்டதென்று அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். சமையல் சோடாவை அள்ளிப் போட்டு பிஎச்சை (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், அமிலம் கூடினால் இறங்கும்) ஏற்றப் பார்ப்பவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பிஎச் எண் ஏறுமே தவிர, தண்ணீரில் கரைந்திருக்கும் வாயு அதனால் வெளியே போகாது. மீனை வதைப்பது அந்த வாயுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். நொடிக்கு இத்தனை குமிழி பத்திரம் என்று எந்த எண்ணையும் சொல்ல முடியாது. குமிழியின் பருமன், குமிழியை எண்ண வைக்கும் கவுண்டர் குப்பியின் துளையைப் பொறுத்து மாறும், உள்ளே ஊற்றியிருப்பது தண்ணீரா கிளிசரினா என்பதைப் பொறுத்தும் மாறும். தொட்டிக்குள் போன குமிழியில் எவ்வளவு கரைகிறது என்பது வாயுவை நுண்குமிழியாக உடைத்துவிடும் டிஃப்யூசரின் கையில் இருக்கிறது, கரைந்ததில் எவ்வளவு தங்குகிறது என்பது நீர்மட்டம் எப்படி அசைகிறது என்பதன் கையில். ஒரே அளவுத் தொட்டிகள் இரண்டு, இரண்டிலும் நொடிக்கு இரண்டு குமிழி. ஒன்றில் செடி பட்டினி கிடக்கும், மற்றதில் மீன் சாகும். குமிழியை எண்ணுவது, உங்கள் தொட்டியில் நேற்று இருந்த ஓட்டம் இன்றும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க மட்டும் பயன்படும்.

அளவு என்று பேச வேண்டுமானால், ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்று பேச வேண்டும். 25 டிகிரியில் வெளிக்காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 0.6 மி.கி.தான் இருக்கும். மீனும் நுண்ணுயிரும் மூச்சு விடுவதால் தொட்டியில் அதைவிடச் சற்றுக் கூடுதல். செடித் தொட்டிக்காரர்கள் வைக்கும் இலக்கு 20 முதல் 30 மி.கி. அதாவது இயல்பைப் போல முப்பது, ஐம்பது மடங்கை வேண்டுமென்றே ஏற்றுகிறோம். தண்ணீருக்குள் இந்த வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. அதனால்தான் இலையைச் சுற்றி அத்தனை அடர்த்தி தேவைப்படுகிறது. செடிக்கு இது விருந்து. மீனுக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மீனின் உடலில் உண்டாகும் கரியமில வாயு செவுள் வழியே தண்ணீருக்குள் இறங்குகிறது. இரத்தத்தில் அதிகம், தண்ணீரில் குறைவு என்ற வித்தியாசம் இருந்தால்தான் அது வெளியேறும். தண்ணீரில் வாயு ஏற ஏற வெளியேற வழி குறைகிறது, இரத்தத்தில் தேங்குகிறது, இரத்தம் புளிக்கிறது. புளித்த இரத்தத்தில் ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் பிடி தளரும். டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் போரும் சகாக்களும் 1904-ல் விவரித்த விளைவு இது. பல மீன் இனங்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: ரூட் விளைவு. அமிலம் கூடினால், எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ஹீமோகுளோபினால் முழுச் சுமையை ஏற்றிக்கொள்ள முடியாது. ஆகவே தண்ணீரில் நிறைய ஆக்சிஜன் இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டுகிறது.

கரியமில வாயு விட்டால் அது ஆக்சிஜனைத் தள்ளிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. இரண்டும் தனித்தனியாகக் கரைபவை. மதியம் இலைகளில் முத்து முத்தாகக் குமிழி கோக்கும் தொட்டியில் 30 மி.கி. கரியமில வாயுவும் நிறைவுக்கு மேற்பட்ட ஆக்சிஜனும் ஒன்றாகவே இருக்கும். மறுபக்கமும் உண்டு: ஆக்சிஜன் நன்றாக இருந்தால் அதே அளவு கரியமில வாயுவை மீன் சமாளிக்கும், ஆக்சிஜன் குறைந்திருந்தால் 20 மி.கி.யிலேயே திணறும். அதனால்தான் வாயுவைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கும் முன் ஆக்சிஜனைப் பற்றி யோசிக்கச் சொல்கிறேன்.

நம் ஊர் வெயிலுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 8.2 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடும். அதே சூட்டில் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. ஏசி இல்லாத அறையில், மே மாதச் சென்னையில், தொட்டித் தண்ணீர் 31, 32-க்குப் போவது சாதாரணம். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த 30 மி.கி. இலக்கை அந்த மாதங்களில் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், 20 போதும். நீர்மட்டத்தின் மேல் வீசும் சின்ன ஃபேன் ஒன்று வைத்தால் சூடும் இறங்கும், மட்டமும் அசையும்.

அடுத்து, மாலையில் மட்டும் ஏன் இது நடக்கிறது? அடியில் ஓட்டையுள்ள குடத்தில் குழாயைத் திறந்துவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறும், ஏற ஏற ஓட்டை வழியே ஒழுகுவதும் கூடும், உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் இடத்தில் மட்டம் நின்றுவிடும். ஓட்டை பெரிதாக இருந்தால் அந்த நிலை சீக்கிரம் வரும், அதற்குமேல் எத்தனை மணி நேரம் குழாய் ஓடினாலும் மட்டம் அசையாது. ஓட்டை ஊசித்துளையாக இருந்தால் நாள் முழுக்க மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். தொட்டியில் அந்த ஓட்டை நீர்மட்டம்தான். வாயு வீணாகக்கூடாது என்று நீங்கள் மேல்பரப்பை ஆடாமல் அசையாமல் வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் வர்ணனையிலிருந்து ஊகிக்கிறேன். அப்படியென்றால் காலையில் தொடங்கிய வாயு மாலை வரை ஏறிக்கொண்டேதான் இருக்கும், உச்சத்தைத் தொடும் நேரத்தில் மீன் மேலே வரும். இரவு முழுக்க கிட் ஓடினால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் விளக்கணைந்த பின் செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடும்.

தீர்வு பலருக்கு விசித்திரமாகத் தோன்றும். ஓட்டையைப் பெரிதாக்கி, குழாயையும் அதற்கேற்பக் கூடுதலாகத் திறக்க வேண்டும். நீர்மட்டத்தை நன்றாக அசைய விட்டு, வாயுவையும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். ஓரிரண்டு மணி நேரத்தில் அளவு ஓரிடத்தில் நின்றுவிடும், அன்றைக்கெல்லாம் அப்படியே இருக்கும், ஆக்சிஜனும் தொடர்ந்து உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். கொஞ்சம் வாயு வீணாகும், ஆகட்டும். சிலிண்டரை நிரப்ப ஆகும் பணத்தைத் தொட்டியிலுள்ள மீன்களின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாசியைப் பொறுத்தும் இதுவே நல்லது: கறுப்புத் தாடிப் பாசி தலைகாட்டும் தொட்டிகளில் பெரும்பாலானவை வாயு அளவு நாளுக்கு நாள், வேளைக்கு வேளை ஆடுகிற தொட்டிகள் என்பது என் அனுபவம்.

அசைவு என்றால் அருவி தேவையில்லை. ஃபில்டர் வெளிக்குழாயை மேல்நோக்கிச் சாய்த்து, மட்டம் முழுவதும் சிற்றலை ஓடும்படி வைத்தால் போதும். எண்ணெய் படிந்தாற்போல் மேலே ஓர் ஏடு கட்டியிருந்தால் அதை முதலில் நீக்குங்கள். அந்த ஏடு வாயுப் பரிமாற்றத்தைக் கணிசமாகத் தடுக்கும், நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று ஆபத்தாவதற்குச் சத்தமில்லாத காரணம் பல நேரம் அதுதான். மேலே படியும் ஏட்டை உறிஞ்சும் ஸ்கிம்மர் ஒன்று போட்டுவிடலாம். தொட்டியைக் கண்ணாடி மூடியால் இறுக்கமாக மூடியிருந்தால் ஓர் ஓரத்தைத் திறந்து வையுங்கள்.

அளப்பது எப்படி? டிராப் செக்கர் என்ற கண்ணாடிக் குமிழ் வாங்குங்கள், விலை அதிகமில்லை. அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றுவது பரவலான பிழை, சில கடைகளில் அப்படியே சொல்லியும் கொடுக்கிறார்கள். உள்ளே இருக்க வேண்டியது கேஎச் (கார்பனேட், பைகார்பனேட் அளவைக் காட்டும் எண்) 4 உள்ள கரைசல், அதோடு அமிலத்துக்கேற்ப நிறம் மாறும் ப்ரோமோதைமால் ப்ளூ சில சொட்டு. கரைசலை வீட்டிலேயே செய்யலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரில் 1.2 கிராம் சமையல் சோடாவைக் கரைத்தால் கேஎச் 40 வரும். அதில் 100 மி.லி. எடுத்து, இன்னும் 900 மி.லி. டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் கேஎச் 4. நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் நல்லது. கரைசல் நீலமாக இருந்தால் வாயு போதாது. பச்சை என்றால் நடுத்தரம். பச்சையில் மஞ்சள் லேசாகக் கலந்த கிளிப்பச்சை என்றால் 30-ஐ ஒட்டியிருக்கிறது. முழு மஞ்சள் என்றால் வாயுவை உடனே குறையுங்கள். டிஃப்யூசருக்கு எதிர்மூலையில், குமிழி நேரே முட்டாத இடத்தில் ஒட்டி வையுங்கள். நினைவில் வைக்க வேண்டியது, இது காட்டும் நிறம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முந்தைய செய்தி. செக்கர் இன்னும் பச்சைதானே என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீன் சாய்ந்துவிடலாம். செக்கரும் மீனும் வேறு வேறு சொன்னால் மீன் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு வழி பிஎச், கேஎச் இரண்டையும் அளந்து கணக்குப் போடுவது. கேஎச் 4 உள்ள தண்ணீரில் பிஎச் 6.6 என்றால் சுமார் 30 மி.கி., கேஎச் 8 என்றால் அதே 30 மி.கி. பிஎச் 6.9-லேயே வந்துவிடும். இந்த அட்டவணை தண்ணீரில் வேறு அமிலமோ காரமோ இல்லை என்ற அனுமானத்தில் போட்டது. தொட்டியிலுள்ள மரக்கட்டையிலிருந்தும், அக்வாசாயில் என்ற செடி மண்ணிலிருந்தும் இறங்கும் அமிலங்கள் கணக்கைக் குழப்பிவிடும். ஆர்ஓ தண்ணீரும் அக்வாசாயிலும் சேர்ந்த தொட்டியில் கேஎச் கிட்டத்தட்ட பூஜ்யம், அங்கே அட்டவணைக்கு அர்த்தமே இல்லை. கடினமான போர்வெல் தண்ணீரோ, கோவைக்காரர்களின் மென்மையான சிறுவாணித் தண்ணீரோ, முதலில் கேஎச்சை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். அடுத்த தெருக்காரரின் பிஎச் இலக்கு உங்களுக்கு ஒத்துவராது என்பது அப்போதே புரிந்துவிடும். ஆர்ஓ மட்டும் ஊற்றுகிறவர்கள் 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா வீதம் கரைத்தால் கேஎச் ஒன்று ஏறும். இதைத் தண்ணீர் மாற்றும்போது வாளியில் கரைத்து ஊற்ற வேண்டும், திணறும் மீனுக்கு மருந்தாக அல்ல.

பிஎச் 1 குறைந்தால் 30 மி.கி. என்ற சூத்திரத்தையும் கேட்டிருப்பீர்கள். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை ஒரு நாள் வெளியே வைத்து அதன் பிஎச்சை அளந்து, அதிலிருந்து தொட்டியில் 1 குறைந்தால் சரி என்பார்கள். பிஎச் 1 குறைந்தால் வாயு பத்து மடங்கு கூடியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எதன் பத்து மடங்கு? டம்ளரில் 3 மி.கி. இருந்ததாக வைத்துத்தான் 30 என்கிறார்கள். நன்றாகக் காற்றாடிய தண்ணீரில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே 30 என்ற எண்ணை நான் நம்புவதில்லை. பிஎச் மீட்டரை வேறொன்றுக்கு நம்புகிறேன்: வாயு தொடங்கியதிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டே வாருங்கள். விளக்கு எரியத் தொடங்கும் நேரத்துக்குள் பிஎச் இறங்கி நின்றுவிட்டதா, மாலைவரை அதே இடத்தில் இருக்கிறதா என்று அது காட்டிவிடும். உங்கள் தொட்டியில் மாலைவரை இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிஎச் தினமும் ஒன்று இறங்கி ஏறுவது மீனுக்குக் கெடுதலா என்று கேட்பவர்களுக்கு: வாயுவால் மட்டும் வரும் ஏற்ற இறக்கத்தில் உப்புகளின் அளவு மாறுவதில்லை, பாசி படர்ந்த குளங்களில் இது அன்றாடம் நடப்பதுதான்.

நேரத்தைப் பொறுத்தவரை, விளக்குக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் வாயு தொடங்கட்டும், விளக்கணைய ஒரு மணி நேரம் முன்னால் நிற்கட்டும். விளக்கு ஆறேழு மணி நேரம் போதும். இதில் என் யோசனை, விளக்கு நேரத்தைப் பிற்பகல் 3 முதல் இரவு 9 வரை மாற்றிக்கொள்ளுங்கள். வாயு உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். இரவில் வாயு நின்ற பின் ஏர் பம்ப் ஓடினால் இன்னும் நல்லது.

கரண்ட் கட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாயுவை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, கரண்ட் இருந்தால் மட்டும் திறக்கும் வகையாக இருக்கட்டும், கரண்ட் போனதும் தானே மூடிக்கொள்ளும். சோலனாய்டு இன்வெர்ட்டர் லைனில், ஃபில்டர் சாதாரண லைனில் என்று பிரிந்திருந்தால் ஆபத்து: ஃபில்டர் நின்று நீர்மட்டம் அசையாமல் கிடக்கும்போது வாயு மட்டும் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே லைனில் போடுங்கள். அப்புறம் டைமர். பல் சக்கரம் சுற்றும் பழைய வகை டைமர், கரண்ட் போன நேரமெல்லாம் நின்றுவிடும். இரண்டு மணி நேர பவர் கட்டுக்குப் பிறகு அது இரண்டு மணி நேரம் பின்தங்கி ஓடும். விளக்கைக் கையால் அணைத்துவிட்டு, வாயுவை மட்டும் அந்த டைமரிடம் விட்டிருந்தால், இருட்டிலும் வாயு ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குவதே மேல்.

கிட்டா சிலிண்டரா? 200 கிராம் சமையல் சோடா முழுதாக வினைபுரிந்தால் சுமார் 105 கிராம் வாயு கிடைக்கும், 2 கிலோ சிலிண்டரில் அதைப் போல 19 மடங்கு. ஆனால் அளவைவிட முக்கியம் சீர். கிட்டில் அழுத்தம் தீரத் தீரக் குறையும், புதிதாக நிரப்பிய அன்று எகிறும், அதற்கேற்பக் குமிழியும் ஆடும். நிரப்பும் நாளன்று கட்டாயம் வால்வை மறுபடி சரிசெய்ய வேண்டும். ஈஸ்ட்டும் சர்க்கரையும் வைத்துச் செய்வது இதைவிட மோசம். நம் சூட்டில் முதல் மூன்று நாள் பொங்கி வழிந்துவிட்டு அப்புறம் அடங்கிவிடும், இரவில் நிறுத்தவும் வழியில்லை. எதுவானாலும் தொட்டிக்கும் கிட்டுக்கும் நடுவில் ஒருவழி வால்வும், கசடு தங்க ஒரு கழுவு பாட்டிலும் இல்லாமல் ஓட்டாதீர்கள். சிட்ரிக் கரைசல் ஒருமுறை தொட்டிக்குள் போனால் மேலே சொன்னதெல்லாம் வீண்.

சிலிண்டருக்கு மாறலாம் என்பதே என் பரிந்துரை. ஆனால் நம் ஊரில் ஒரு கண்ணி இருக்கிறது. கரியமில வாயுத் தீயணைப்பான் சிலிண்டர்களை மலிவாக மாற்றி விற்கிறார்கள். தீயணைப்பானுக்குள் அடிவரை நீளும் குழாய் ஒன்று உண்டு, அது வாயுவுக்குப் பதிலாகத் திரவத்தை மேலே தள்ளும். அந்தக் குழாயை எடுக்காமல் ரெகுலேட்டர் மாட்டினால் திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்து கெடுத்துவிடும், தொட்டிக்குள் கட்டுப்பாடின்றி வாயு கொட்டவும் வாய்ப்புண்டு. குழாய் எடுத்தாயிற்றா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள், கழுத்தில் பொறித்த ஹைட்ரோ டெஸ்ட் (அழுத்தச் சோதனை) தேதியையும் பாருங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

உள்ளே இருப்பது திரவம் என்பதால் 25 டிகிரியில் அழுத்தம் சுமார் 64 பாரில் நிற்கும், திரவம் தீரும்வரை ரெகுலேட்டரில் அழுத்தம் காட்டும் முள் இறங்காது. முள்ளை நம்பி இன்னும் பாதி இருக்கிறது என்று எண்ணாதீர்கள், எடை போட்டுப் பார்ப்பதுதான் வழி. 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற வித்தியாசமே மறைந்து, அழுத்தம் நிரப்பிய அளவைப் பொறுத்து ஏறும். அதனால் சிலிண்டரில் குறித்த எடைக்கு மேல் நிரப்ப விடாதீர்கள், வெயில் விழும் பால்கனியில் வைக்காதீர்கள். திரவம் தீர்ந்து முள் இறங்கத் தொடங்கும் நாளும் கவனம் தேவைப்படும் நாள்தான். அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றைக் கட்ட ரெகுலேட்டரில், உள்வரும் அழுத்தம் விழும்போது வெளிவரும் அழுத்தம் ஏறும், குமிழி சரசரவென்று போகத் தொடங்கும். ஒரே இரவில் தொட்டி முழுக்க மீன் செத்தது என்று கேள்விப்படுவதில் ஒரு பங்கு இப்படி நேர்ந்தது. முள் இறங்கியதுமே நிரப்பக் கொடுத்துவிடுங்கள், அல்லது செலவானாலும் இரட்டைக் கட்ட ரெகுலேட்டர் வாங்குங்கள். மலிவான ரெகுலேட்டரும், வாயு ஓட்டத்தை நுணுக்கமாகச் சரிசெய்யும் நீடில் வால்வில் மலிவானதும் வாங்குவதாக இருந்தால் கிட்டிலேயே இருங்கள். காசைப் போட வேண்டிய இடம் அந்த இரண்டும்தான், பளபளக்கும் கண்ணாடி டிஃப்யூசர் அப்புறம்.

மனிதருக்கான எச்சரிக்கையும் ஒன்று. 2 கிலோ வாயு வெளியே வந்தால் சுமார் 1,100 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். பத்துக்குப் பத்து அறையில் கதவு ஜன்னல் அடைத்திருக்க அது முழுதாகக் கசிந்தால் காற்றில் ஏறக்குறைய 4 சதவீதம் ஆகிவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் வைத்திருக்கும் வரம்பும் அதே 4 சதவீதம். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கீழே தேங்கும். குழந்தைகள் தரையில் படுத்துத் தூங்கும் அறையில் சிலிண்டரை வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை மாட்டிய பின்னும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

எந்த மீன் என்பதும் கணக்கில் வரும். கார்டினல்கள் ஓரளவு தாங்கும், இறால் குறைவாகத் தாங்கும். மிஸ் கேரளா என்று விற்கும் டெனிசன் பார்ப் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடும் ஆறுகளில் வாழ்வது, ஆக்சிஜன் குறைந்தால் முதலில் தவிப்பது அதுதான். பெட்டாவும் கௌராமியும் காற்றை நேரடியாக விழுங்குவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்தாலும் கரியமில வாயுவைப் பெரும்பாலும் செவுள் வழியேதான் வெளியேற்ற வேண்டும், ஆகவே அவையும் பாதிக்கப்படும். அவை மேலே வருவது இயல்பு என்பதால் அதை அறிகுறியாகவும் கொள்ள முடியாது. வாய் பிளப்பது கடைசி அறிகுறி. அதற்கு முன்பே செவுள் வேகமாக அடிக்கும், கூட்டமாக ஃபில்டர் வாயருகே போய் நிற்கும், இறால்கள் எல்லாம் குழாய்களைப் பிடித்து மேலே ஏறும். எளிய சோதனை ஒன்று: வாயு உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். பாய்ந்து வந்து தின்றால் பயமில்லை.

இவ்வளவு தொல்லை வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நியாயமான முடிவுதான். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், மாஸ் எனும் பாசிச்செடி வகைகள், இலங்கையிலிருந்து வந்த கிரிப்டோகோரைன் வென்டி, இவற்றுக்கு வெளிவாயு தேவையில்லை. ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டையே கார்பனாக எடுத்துக்கொள்ளும். மான்டே கார்லோகூட வாயு இல்லாமல் மெதுவாகப் பிழைக்கும். வாயுத் தேவையைத் தீர்மானிப்பது விளக்கு. எல்ஈடியைப் பாதியாக்கினால் தேவைப்படும் வாயுவும் இறங்கும். லிக்விட் கார்பன் என்று பாட்டிலில் விற்பதை மட்டும் இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். அவற்றில் பலவற்றின் அடிப்படை, மருத்துவமனைகளில் கருவிகளைச் சுத்தம் செய்யப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு. பாசியை அடக்கும், அளவு மீறினால் இறாலையும் அடக்கிவிடும்.

உங்கள் தொட்டிக்கு வருவோம். 65 லிட்டர் கொள்ளளவில் மண், கல், மேலே விட்ட இடம் போக 50 லிட்டர்தான் தண்ணீர். சின்னத் தொட்டியில் பிழைக்கு இடம் குறைவு. இந்த வாரம் வாயுவைப் பாதியாகக் குறையுங்கள், விளக்கையும் ஆறு மணி நேரமாகக் குறையுங்கள், நீர்மட்டத்தை நன்றாக அசைய விடுங்கள், கேஎச் 4 கரைசலோடு செக்கரை மாட்டுங்கள். அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டும், வால்வை மயிரிழை திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் விளக்கணையும்வரை கவனித்த பிறகே அடுத்த திருப்பு. நிதானத்துக்குக் காரணம் உண்டு: கூடிய வாயுவுக்கு ஈடாக மீன் தன் இரத்தத்தில் பைகார்பனேட்டைச் சேர்த்துக்கொள்ளும், அதற்கு ஒரு நாள் முதல் சில நாள்வரை பிடிக்கும். அதற்காக எந்த அளவும் பழகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நீண்ட நாள் மிகை வாயுவில் வளர்ந்த பண்ணை டிரௌட் மீன்களின் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிவது தெரிந்த விஷயம். செக்கர் பச்சையில், மஞ்சள் கலக்கும் முன்பே நின்றுவிடுங்கள். உங்கள் செடிகளுக்கு அது போதும், இறாலுக்கும் ஒத்துக்கொள்ளும். அடுத்த தொட்டி வைக்கும்போது முதல் நான்கு வாரம் மீனில்லாமல் வாயுவைத் தாராளமாக விட்டுத் தரையில் படரும் செடிகளைப் பிடிக்க வைத்துவிட்டு, வாயுவைக் குறைத்த பின் மீனை விடுங்கள். புது அக்வாசாயில் விடும் அம்மோனியாவும் அதற்குள் அடங்கியிருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஒரு வாரம் என்றால் சிலிண்டர் வால்வையே மூடிவிடுங்கள், விளக்கை நாலு மணி நேரமாக்குங்கள், ஏர் பம்ப் ஓடட்டும். செடிகள் கொஞ்சம் வாடும், ரோட்டாலாவின் சிவப்பு வெளுக்கும், திரும்பி வந்தபின் சரியாகிவிடும். ஆனால் வந்த அன்றே பழைய அளவுக்குத் திறந்துவிடாதீர்கள். பாதியில் தொடங்கி, மறுபடி சில நாளில் ஏற்றுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவதானால் தீனிப் பொட்டலத்தை மட்டும் கொடுங்கள், ரெகுலேட்டர் பக்கம் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.